நான்கு பிஸ்கட், ஒரு தட்டு: கடை பிஸ்கட்டை அளவோடு ருசிக்க ஒரு வழிகாட்டி

போன வருடம் அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 சதவீதம் என்று இருந்தது. 5.7ஐத் தொட்டால் எச்சரிக்கை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்பது கணக்கு. அப்பா டாக்டர் சொல்லைத் தட்டாதவர். அன்றிலிருந்து கோவில்பட்டிக் கடலை மிட்டாயைத் தொடவில்லை. கல்யாண வீட்டு ஜாங்கிரியை இலை ஓரத்திலேயே ஒதுக்கினார். டீயில் சீனியை அடியோடு நிறுத்தினார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தார். அதே 6.2.

ஒரு வாரம் ஊரில் போய் அவருடன் இருந்து பார்த்தேன். காலை 11 மணிக்குச் சீனி இல்லாத டீ, கூடவே நான்கு மேரி பிஸ்கட். சாயங்காலம் டீக்கு இன்னொரு நான்கு. ராத்திரி 9 மணிக்கு, "வயிறு காலியா இருக்கும்மா" என்று டப்பாவைத் திறந்து இரண்டு. முன்பெல்லாம் டீக்கு இரண்டோடு நிறுத்துவார். டீ சப்பென்று ஆனதும் கை தானாகவே டப்பா பக்கம் போயிருக்கிறது. கேட்டதற்கு, "பிஸ்கட் இனிப்புல சேத்தியா? காய்ச்சல்காரனுக்கே அதத்தானம்மா குடுக்காங்க" என்றார்.

சமையலறைத் தராசில் பத்து மேரியை வைத்தேன். 60 கிராம் காட்டியது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு 22 கிராம் சீனி என்று போட்டிருந்தது. அப்படியானால் பத்து பிஸ்கட்டில் 13 கிராம். அப்பா இரண்டு டீயிலுமாக விட்டது இரண்டு ஸ்பூன், சுமார் 10 கிராம். டீயில் விட்டதற்கு மேலாகவே பிஸ்கட் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதோடு மைதா வேறு.

பிஸ்கட்டே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அம்மா போன பிறகு அந்தச் சாயங்கால டீதான் அவருக்கு ஒரு பொழுது. பிஸ்கட்டை டீயில் முக்கி, அது ஒடிந்து உள்ளே விழுவதற்குள் லாகவமாக எடுத்து வாயில் போடும்போது அவர் முகம் இளகுவதைப் பார்த்தால் உங்களுக்கும் மனசு வராது. அதனால் உட்கார்ந்து யோசித்து, படித்து, டாக்டரிடமும் கேட்டு, வீட்டுக்கென்று சில வழிமுறைகளை வகுத்துக்கொண்டோம். பாக்கெட்டைத் திருப்பிப் படித்தே பழக்கமில்லாதவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பசிக்குச் சாப்பாடு, ருசிக்குப் பிஸ்கட். இரண்டும் இடம் மாறும்போதுதான் தொல்லை வருகிறது.

முதலில் பழைய நம்பிக்கை ஒன்றை விட வேண்டும்

பிஸ்கட் 'லேசான ஆகாரம்' என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காய்ச்சல் வந்தால் பிஸ்கட்டும் பாலும். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் பிஸ்கட். காலையில் பிள்ளை இட்லி சாப்பிட அடம் பிடித்தால், "சரி, நாலு பிஸ்கட்டாவது சாப்பிட்டுட்டுப் போ". அன்போடு செய்கிற காரியங்கள்தான். ஆனால் கையில் லேசாக இருப்பது வயிற்றிலும் லேசாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

பிஸ்கட் ஏன் லேசாக இருக்கிறது? மாவில் சேர்க்கும் சோடா உப்பு சூட்டில் வாயுவாகி உள்ளே நுண்ணிய துளைகளை உண்டாக்குகிறது. பிறகு அடுப்பில் மாவின் ஈரம் அநேகமாக முழுவதும் வற்றிவிடுகிறது. மேலே வரிசையாகத் தெரியும் ஊசி ஓட்டைகள்கூட அந்த நீராவி வெளியேறத்தான், இல்லாவிட்டால் பிஸ்கட் பூரி மாதிரி உப்பிவிடும். தண்ணீர் போன பிறகு மிஞ்சுவது மாவும் சீனியும் கொழுப்பும் மட்டுமே. அதனால்தான் 100 கிராம் பிஸ்கட்டில் 440 முதல் 500 கலோரி வரை இருக்கிறது. இட்லியில் பாதிக்கு மேல் தண்ணீர். அதே 100 கிராம் இட்லியில் 150 கலோரி இருந்தால் பெரிது. இரண்டு இட்லி சாப்பிட்டால் வயிறு நிறைகிறது. அதே கலோரிக்கு ஐந்தாறு மேரி தின்றாலும், சாப்பிட்டோமா இல்லையா என்றே தெரியாது.

பெயரும் நம்மை ஏமாற்றும். 'டைஜஸ்டிவ்' என்றால் செரிமானத்துக்கு நல்லது என்றுதான் தோன்றும். 1839 வாக்கில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் இரண்டு பேர் அந்தப் பிஸ்கட்டை உருவாக்கியபோது, அதிலுள்ள சோடா உப்பு வயிற்றுப் புளிப்பைத் தணிக்கும் என்று நம்பினார்கள். சுட்டு முடித்த பிஸ்கட்டில் அப்படிப்பட்ட மருத்துவ குணம் எதுவும் மிஞ்சுவதில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மேரி பிஸ்கட்டோ 1874இல் லண்டனில் பிறந்தது. ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் எடின்பரோ கோமகனுக்கும் நடந்த கல்யாணத்தை ஒட்டி, பீக் ஃப்ரீன்ஸ் என்ற கம்பெனி போட்ட பிஸ்கட் அது. நோயாளிக்கென்று செய்த பிஸ்கட் இல்லை, கல்யாணப் பிஸ்கட். இதைச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் கையில் இருந்த பிஸ்கட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கெட்டைத் திருப்புங்கள்

கடையில் நிற்கும்போது முகப்பில் இருக்கும் பால் டம்ளர், கோதுமைக் கதிர், முந்திரிப் படம் எதையும் நம்பி எடுக்காதீர்கள். பின்பக்கம் இரண்டு பகுதிகள் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு நிமிஷம் போதும்.

முதலாவது, 'இன்கிரீடியன்ட்ஸ்' என்ற பட்டியல். இதில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பிஸ்கட்டின் குணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் மைதா, சீனி, பாமாயில் என்றுதான் வரும். ஆங்கிலத்தில் 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்று போட்டிருந்தால் அது மைதாதான், கோதுமை என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். 'ஆட்டா' அல்லது 'ஹோல் வீட் ஃப்ளோர்' என்று இருந்தால்தான் முழுக் கோதுமை மாவு.

சீனி ஒரே பெயரில் வராது. இன்வர்ட் சுகர் சிரப், லிக்விட் குளுக்கோஸ், கார்ன் சிரப், தேன், வெல்லம் என்று பட்டியலில் ஆங்காங்கே பிரிந்து கிடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோன்றும். உடம்புக்குள் போனால் எல்லாம் ஒரே கணக்குதான்.

ராகி பிஸ்கட், ஓட்ஸ் பிஸ்கட், மல்டிகிரெய்ன் என்றெல்லாம் வாங்குகிறவர்கள் இந்தப் பட்டியலில் அந்தத் தானியத்துக்குப் பக்கத்தில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். முகப்பில் ராகியைப் பெரிதாகக் காட்டிவிட்டு, பின்னால் சின்ன எழுத்தில் ஒற்றை இலக்கச் சதவீதம் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு மைதாப் பிஸ்கட்டை மைதாப் பிஸ்கட்டாகவே வாங்கலாம், காசாவது மிச்சம்.

இரண்டாவது, 'நியூட்ரிஷனல் இன்ஃபர்மேஷன்' என்ற கட்டம். அதில் 'பெர் 100 கிராம்' என்ற பத்தியை மட்டும் பாருங்கள். பக்கத்தில் 'பெர் சர்வ்' என்று இன்னொரு பத்தி இருக்கும். அந்த 'ஒரு தடவை' என்பது ஒரு கம்பெனிக்கு இரண்டு பிஸ்கட், இன்னொன்றுக்கு மூன்று. அதை வைத்து இரண்டு பாக்கெட்டை ஒப்பிட முடியாது. 100 கிராம் பத்தியில் பார்க்க வேண்டியவை நான்கு.

ஆடட் சுகர், அதாவது சேர்த்த சீனி. நம் பாக்கெட்டுகளில் ஒரு நாளைக்கான உச்ச அளவாகக் கணக்கில் எடுப்பது 50 கிராம், அதுவும் 2000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு. உலக சுகாதார நிறுவனம் அதில் பாதிக்குள், 25 கிராமுக்குள், நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. டீ, காபி, பாயசம், ஜூஸ் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 25 என்பதை மறந்துவிடாதீர்கள்.

சாச்சுரேட்டட் ஃபேட், அதாவது நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலும் வெண்ணெயும் கொண்டுவருவது இதைத்தான். ஒரு நாளைக்கு 22 கிராம் என்பது பாக்கெட் கணக்கு. பிரிட்டனில் பல பாக்கெட்டுகளின் முகப்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்டுக் காட்டுகிறார்கள். 100 கிராமில் சீனி 22.5 கிராமைத் தாண்டினாலும், நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமைத் தாண்டினாலும் அங்கே சிவப்பு. இந்த இரண்டு எண்களையும் மனசில் வைத்துக்கொண்டு நம் கடை அலமாரி முன்னால் நின்று பாருங்கள், பெரும்பாலான பிஸ்கட் சிவப்பில்தான் வரும். அதற்காகப் பயந்து ஓட வேண்டியதில்லை. இவையெல்லாம் இனிப்பு வகை, இனிப்புக்குரிய அளவில்தான் சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ட்ரான்ஸ் ஃபேட் பற்றி முன்பு ரொம்பக் கவலைப்பட வேண்டியிருந்தது. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்துவிட்டது. பாக்கெட்டில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

கடைசியாகச் சோடியம். உப்பு பிஸ்கட் சாப்பிடுகிறவர்களும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் இதை விடவே கூடாது. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு என்பது எல்லை. நம் ஊர் ஊறுகாய், அப்பளம், சாம்பாரிலேயே அதில் பெரும்பங்கு முடிந்துவிடும். 100 கிராமில் 600 மில்லிகிராமைத் தாண்டினால் பிரிட்டன் கணக்கில் அதுவும் சிவப்பு. காரமும் உப்புமாகத் தூவிய பிஸ்கட்டுகள் இதைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன.

வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை எண்ணுங்கள்

எண்களைப் படிப்பது ஒரு பக்கம், அவை நம் தட்டுக்கு வரும்போதுதான் அர்த்தமாகும். நீங்கள் வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டுக்கு இதை ஒரே ஒரு தடவை செய்தால் போதும், பிறகு மறக்காது. பாக்கெட்டில் போட்டிருக்கும் எடையை, உள்ளே இருக்கும் பிஸ்கட்டின் எண்ணிக்கையால் வகுங்கள். தராசுகூட வேண்டாம்.

எங்கள் வீட்டு மேஜையில் நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். 100 கிராமுக்கு 25 கிராம் சீனி என்றால், ஒரு பிஸ்கட்டில் ஒன்றேகால் கிராம், நான்கில் 5 கிராம். அதாவது டீ ஸ்பூனால் தட்டையாக ஒரு ஸ்பூன். கலோரி சுமார் 90. அடுத்து, நடுவில் க்ரீம் வைத்த பிஸ்கட். ஒன்றே 10 கிராம் இருந்தது. 100 கிராமுக்கு 36 கிராம் சீனி. நான்கு சாப்பிட்டால் 14 கிராம், கிட்டத்தட்ட மூன்று ஸ்பூன். கலோரி 190ஐ ஒட்டி வரும். இரண்டையும் நாம் 'நாலு பிஸ்கட்' என்றுதான் சொல்கிறோம்.

என் பையன் அந்தச் சீனியை ஸ்பூனால் அளந்து இரண்டு சின்னத் தட்டில் போட்டு, பக்கத்தில் அந்தந்தப் பிஸ்கட்டை வைத்தான். அவனுக்கு வயது 9. நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "க்ரீம் பிஸ்கட் ரெண்டு போதும்மா" என்றான். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை அவசியம் செய்து பாருங்கள். மிரட்டல் வேண்டியதில்லை, சீனிக் குவியலைக் கண்ணால் பார்த்தாலே புரிந்துவிடுகிறது.

எதை வாங்குவது

'எது நல்ல பிஸ்கட்' என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த பிஸ்கட். ஆரோக்கியம் என்று நினைத்து, பிடிக்காத பிஸ்கட்டை எட்டு தின்பதைவிட, ஆசைப்பட்ட பிஸ்கட்டை இரண்டு தின்பது எவ்வளவோ மேல். இருந்தாலும் வகைகளுக்குள் வித்தியாசம் உண்டு.

மேரியிலும் குளுக்கோஸ் பிஸ்கட்டிலும் கொழுப்பு மற்றவற்றைவிடக் குறைவு, 100 கிராமுக்குப் பொதுவாக 10 முதல் 13 கிராம் வரைதான். தினசரி டீக்கு இவை பரவாயில்லை. முந்திரி, வெண்ணெய் பிஸ்கட்டுகளில் அது 20ஐ ஒட்டிப் போகும். ருசி அதிகம், எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டால் சரி. டைஜஸ்டிவ் வகையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், அதே நேரம் கொழுப்பும் 20 கிராமை ஒட்டி இருக்கும், ஒரு பிஸ்கட்டின் எடையும் அதிகம். அதை மருந்து மாதிரி நினைத்துக் கணக்கில்லாமல் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரஸ்க் இரண்டு முறை சுட்ட ரொட்டி. 'பிஸ்கட்' என்ற சொல்லுக்கே மூலத்தில் இரண்டு முறை சுட்டது என்றுதான் பொருள். அதிலும் மைதாவும் சீனியும்தான், எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'சுகர் ஃப்ரீ' என்று போட்டதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சர்க்கரை நோயாளிகள் உள்ள வீடுகளில் இதை நம்பித்தான் வாங்குகிறார்கள். சீனி இல்லை என்பது உண்மை. மாவு இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. மாவுச்சத்து ரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் மாறும். ஆகவே அந்தக் கட்டத்தில் சீனியை மட்டும் பார்க்காமல் 'கார்போஹைட்ரேட்' என்ற மொத்த எண்ணைப் பாருங்கள். பல பிராண்டுகளில் அது சாதாரணப் பிஸ்கட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இனிப்புக்காக மால்டிடால் சேர்த்திருந்தால், அதிகம் சாப்பிடும்போது வயிறு உப்பும், சிலருக்கு வயிற்றோட்டமும் ஆகும்.

பேக்கரியில் கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்து நிறுத்துக் கொடுக்கும் பிஸ்கட்டுக்கு வருவோம். வெண்ணெய் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட், உப்பு பிஸ்கட், ஊட்டிப் பக்கம் போனால் வர்க்கி. சூடாகத் தட்டு அடுப்பிலிருந்து இறங்கும்போது தெருவே மணக்கும். எனக்குப் பாக்கெட் பிஸ்கட்டைவிட இதுதான் பிடிக்கும். ஆனால் படித்துப் பார்க்கப் பின்பக்கம் கிடையாது. அதனால் வாய் திறந்து கேளுங்கள்: "அண்ணாச்சி, இது வெண்ணெயா, டால்டாவா?" பழகின கடையில் உண்மையைச் சொல்வார்கள். சாப்பிட்ட பிறகு மேல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் ஒட்டினால் டால்டா மாதிரி கெட்டிக் கொழுப்பு அதிகம் என்று நான் எடுத்துக்கொள்வேன். அரைக் கிலோ வாங்காமல் 100 கிராம் மட்டும் வாங்குங்கள். இரண்டு நாளில் புதிதாக மறுபடி வாங்கிக்கொள்ளலாம், ருசியும் அப்போதுதான்.

தூத்துக்குடி மக்ரூனை ஒருவரும் பசிக்குச் சாப்பிடுவதில்லை. முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி என்று எல்லோருக்கும் தெரியும். இனிப்பு என்று தெரிந்தே இரண்டை எடுத்து, வாயில் கரையவிட்டு ருசித்துச் சாப்பிடுகிறோம். பிஸ்கட்டையும் அந்த மரியாதையோடு சாப்பிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எப்போது, எப்படிச் சாப்பிடுவது

எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் தந்தது மிகச் சின்ன காரியம்: டப்பாவோடு உட்காரக் கூடாது. வேண்டிய பிஸ்கட்டைத் தட்டில் எடுத்து வை, டப்பாவை மூடி அலமாரியில் வை, அப்புறம் வந்து உட்கார். டப்பா மடியில் இருக்கும்போது கைக்கு எண்ணிக்கை தெரியாது. டிவி ஓடினால் சொல்லவே வேண்டாம்.

எத்தனை எடுப்பது? மேரி, குளுக்கோஸ் போன்ற சின்னதாக இருந்தால் மூன்று அல்லது நான்கு, க்ரீம், முந்திரி, டைஜஸ்டிவ் மாதிரி கனமானதாக இருந்தால் இரண்டு. இது ஒரு நாள் முழுவதுக்குமான கணக்கு, ஒரு டீக்கு உரியது இல்லை. அன்றைக்கு வீட்டில் கேசரியோ பாயசமோ செய்திருந்தால் பிஸ்கட்டுக்கு விடுமுறை.

வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பிட்டு முடித்த பிறகோ, கூட வேறு ஏதாவது வைத்துக்கொண்டோ சாப்பிடுங்கள். புரதமும் நார்ச்சத்தும் கூட இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். அப்பாவுக்கு இப்போது சாயங்காலம் முதலில் ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல், இல்லையென்றால் ஒரு பிடி அவித்த வேர்க்கடலை. அது முடிந்த பிறகு டீ, இரண்டு மேரி. பசி அடங்கியிருப்பதால் இரண்டோடு நிறுத்த அவருக்கு இப்போது கஷ்டமே இல்லை. ஆரம்பத்தில் கட்டுப்பாடு இல்லாததுதான் காரணம் என்று நினைத்தோம், உண்மையில் அவர் பசியோடு இருந்ததுதான் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. மதியம் 12 மணிக்குக் கொஞ்சம் சோறு, அதில் காய் ஒரு கரண்டிதான். நாலு மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குக் காய்கறி, கீரை மட்டும் 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. மதியத் தட்டில் காயையும் பருப்பையும் கூட்டினோம், பிஸ்கட் தன்னாலே குறைந்தது. பிஸ்கட் டப்பா அடிக்கடி காலியாகிற வீட்டில், முதலில் மதியச் சாப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

டீயில் முக்கிச் சாப்பிடுவதில் தப்பில்லை. ஊறின பிஸ்கட் மெல்லாமலே இறங்கிவிடுவதால் அடுத்தது உடனே போகும், அவ்வளவுதான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு வாய் டீ குடியுங்கள். டீயில் சீனி போட்டால் பிஸ்கட்டைக் குறையுங்கள், பிஸ்கட் வேண்டுமென்றால் டீயில் சீனியை அரை ஸ்பூனாக்குங்கள். முடிந்ததும் வாய் கொப்பளிப்பது முக்கியம். ஊறின மாவு கடைவாய்ப் பல் இடுக்கில் அப்பிக்கொண்டு நெடுநேரம் இருக்கும், பல் சொத்தைக்கு அது நல்ல தீனி.

ராத்திரி 9 மணிப் பிஸ்கட்டுக்கு மாற்றாக அரை டம்ளர் பால், இல்லையென்றால் ஒரு கொய்யா.

சில பேருக்குத் தனிக் கவனம்

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சீனி சேர்த்த எதையும் கொடுக்க வேண்டாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிஸ்கட்டைப் பாலில் கரைத்து ஊட்டுவது பல வீடுகளில் வழக்கம். அந்தச் சின்ன வயிற்றில் பருப்புச் சாதத்துக்கும் வாழைப்பழத்துக்கும் உரிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. இனிப்புக்குப் பழகின நாக்கு பிறகு கீரையைத் தொடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இடைவேளை டப்பாவில் பிஸ்கட் வைப்பதானால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், கூட ஒரு பழமோ வறுத்த கடலையோ இருக்கட்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக மட்டும் வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். திடீரென்று சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும்போது பலரும் பிஸ்கட்டைத்தான் நீட்டுகிறார்கள். அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை ஏறத் தாமதமாகும். அந்த நேரத்துக்கு மூன்று டீ ஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடிப்பதுதான் சரி. 15 நிமிஷம் கழித்துச் சோதித்துப் பார்த்து, இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தேறின பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு பிஸ்கட் சாப்பிடலாம், அது மறுபடி இறங்காமல் தாங்கும். ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மசக்கையில் காலையில் எழுந்ததுமே குமட்டுகிறவர்களுக்குப் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன் ஒரு ரஸ்க்கோ இனிப்பில்லாத உப்பு பிஸ்கட்டோ கடித்துக்கொள்வது ஆசுவாசம் தரும். பிஸ்கட் உண்மையிலேயே கை கொடுக்கும் இடங்களில் இது ஒன்று. நீண்ட பஸ் பயணமும் அப்படித்தான். ராத்திரி வழியில் நிற்கும் கடைகளில் திறந்து வைத்த பண்டத்தைவிட, மூடின பாக்கெட் நம்பகமானது.

வாங்குவதும் வைப்பதும்

பெரிய குடும்பப் பாக்கெட் கிராம் கணக்கில் மலிவுதான். எண்ணிக்கை நிற்காத வீட்டில் அந்த மலிவு வேண்டாம், சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். பாக்கெட் முடிந்தால் முடிந்தது என்பது நல்ல வேலி. பெரியதுதான் வாங்குவீர்கள் என்றால், பிரித்தவுடன் நான்கு நான்காகச் சின்ன டப்பாக்களில் போட்டுவிடுங்கள்.

பிரித்த பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் ஐப்பசி மழையில் ஒரே நாளில் நமுத்துப்போகும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாதான் சரி. இனிப்பையும் உப்பையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், ஒன்றின் வாசனை மற்றதில் ஏறி இரண்டுமே கெடும். சீரகப் பிஸ்கட்டோடு வைத்த வெண்ணெய் பிஸ்கட்டைச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நமுத்துப்போனதைக் கனமான தோசைக்கல்லில், அடுப்பு மிகச் சிறிதாக எரிய, மூன்று நான்கு நிமிஷம் வைத்து எடுத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். காறல் வாடை அடித்தால் அப்படிச் செய்யாதீர்கள், கொழுப்பு கெட்டுவிட்டது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அப்பாவின் டப்பா இப்போது மேல் தட்டில், சுண்டல் கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கிறது. போன மாதம் எடுத்த பரிசோதனையில் 5.8. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் நூறு கிராம் வெண்ணெய் பிஸ்கட் வாங்கச் சொன்னார், வாங்கினோம். அன்றைக்கு மேரி கிடையாது.